இரண்டு மேலாளர்களுக்குக் கீழே பணிபுரிபவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

சிறுசேரிப் பயிற்சியாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியத் தொழில் நிறுவனம் ஒன்றின் சென்னை மையத்தில் பயிற்சிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் பொறியாளர்கள், கணக்குப் பிரிவினர், கொள்முதல் பிரிவினர் என எல்லாருமே, ஒருவருக்கு இரண்டு மேலாளர்கள் இருக்கும் மேட்ரிக்ஸ் அமைப்புக்குள் வந்துவிட்டார்கள். ஒருவருடைய விடுப்பு, சம்பள உயர்வு, அப்ரைசல் என்னும் பணி மதிப்பீடு எல்லாம் சென்னையில் இருக்கும் சாலிட் லைன் மேலாளரின் கையில் இருக்கின்றன. அந்த ஊழியர் இன்றைக்கு எந்த வேலையை எடுக்க வேண்டும், எதை முதலில் முடிக்க வேண்டும் என்பதை ஜெர்மனியிலோ செக் குடியரசிலோ இருக்கும் டாட்டட் லைன் மேலாளர் தீர்மானிக்கிறார்.

புதிதாகச் சேருபவர்களுக்கு இரண்டு நாள் பண்பாட்டுப் பயிலரங்கம் ஒன்றை வெளியாட்களைக் கொண்டு நடத்துகிறோம். ஜெர்மானியர் நேரடியாகப் பேசுவார்கள், ஜப்பானியர் மௌனத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், அமெரிக்கர் முதலில் பாராட்டிவிட்டுப் பிறகுதான் குறை சொல்வார்கள் என்ற வகையில் பாடம் போகிறது. குழு விளையாட்டு உண்டு, முடிவில் குழுப்படமும் உண்டு. பின்னூட்டப் படிவத்தில் எல்லாரும் நல்ல மதிப்பெண்ணே கொடுக்கிறார்கள். ஆனால் எஸ்கலேஷன்கள், அதாவது மேலிடம் வரை போகும் சிக்கல்கள், குறையவில்லை. ‘சென்னைக் குழு கடைசி நாளில்தான் தாமதத்தைச் சொல்கிறது’ என்று அங்கிருந்து வரும் புகாரும், ‘எங்களைக் கேட்காமலேயே வேலையை ஒதுக்குகிறார்கள்’ என்று இங்கிருந்து போகும் புகாரும் அப்படியே நிற்கின்றன. அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு, எதை, எந்த வரிசையில் கற்றுக்கொடுக்கலாம் என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கிண்டிக்காரன் எழுதியது:

உங்கள் பயிலரங்கம் பண்பாட்டைச் சொல்லித் தருகிறதே தவிர, மேட்ரிக்ஸ் அமைப்பு எதற்காக உருவானது என்பதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1960-களில் அமெரிக்க விண்வெளி, பாதுகாப்புத் துறை நிறுவனங்களில் இந்த முறை பரவியது. ஒருபுறம் குறித்த நாளில் திட்டத்தை முடிக்க வேண்டிய திட்ட மேலாளர், மறுபுறம் தொழில்நுட்பத் தரத்தை விட்டுக்கொடுக்காத துறைத் தலைவர். இருவரில் ஒருவர் கை ஓங்கினாலும் ஆபத்து என்பதால் இருவருக்குமே அதிகாரம் தரப்பட்டது. பிறகு பன்னாட்டு நிறுவனங்கள் அதைக் கையில் எடுத்தன. ஸ்வீடனின் ASEA நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் பிரவுன் பொவேரி நிறுவனமும் 1988-ல் இணைந்து ஏபிபி என்ற மின்பொறியியல் நிறுவனம் ஆனபோது, பெர்சி பார்னெவிக் தலைமையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்களின் தலைவர்கள் நாட்டுத் தலைவருக்கும் உலகளாவிய வணிகப் பிரிவுத் தலைவருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்லும்படி அமைத்தார்கள். ஸ்வீடிஷும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம் என்று ஆங்கிலத்தை நிறுவன மொழியாக வைத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அமைப்பையும் குறுக்கி வணிகப் பிரிவுகளின் பக்கம் சாய்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

நான் சொல்ல வருவது, இரண்டு மேலாளர்களின் விருப்பங்கள் மோதுவது இந்த அமைப்பின் கோளாறு இல்லை, அதன் நோக்கமே அதுதான் என்பதை. அந்த மோதல் மேலாளர்களின் மேசையில் நடக்க வேண்டும் என்றுதான் அமைத்தவர்கள் நினைத்தார்கள். நம் ஊரில் அது இருபத்தைந்து வயது ஊழியரின் தலைக்குள் நடக்கிறது. அவர் இருவரிடமும் ‘செய்துவிடுகிறேன்’ என்கிறார், இரவெல்லாம் உட்கார்ந்து இரண்டையும் அரைகுறையாக முடிக்கிறார், வியாழக்கிழமை மாலையில் உண்மை வெளியே வருகிறது. இதைப் பண்பாட்டுச் சிக்கல் என்று பெயரிட்டால் தீர்வு கிடைக்காது.

ஆகவே முதல் பாடமாக, மோதலை அது இருக்க வேண்டிய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் பயிற்சியைக் கொடுங்கள். உதாரணமாக, இரு மேலாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் இப்படி எழுதப் பழக்கலாம்:

‘வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள் என்னிடம் உள்ளன. ஆடிட் கோப்புகளுக்கு மூன்று நாளும் ரிலீஸ் சோதனைக்கு மூன்று நாளும் தேவை. இன்று செவ்வாய். ஆடிட்டை முதலில் எடுத்தால் ரிலீஸ் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போகும். ரிலீஸை முதலில் எடுத்தால் ஆடிட் குழுவிடம் அடுத்த செவ்வாய் வரை அவகாசம் கேட்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லிவிட்டதால் ரிலீஸை முதலில் முடிப்பது நல்லது என்று நினைக்கிறேன். இன்று ரிலீஸ் வேலையைத் தொடங்குகிறேன். மாற்ற வேண்டுமென்றால் நாளை சென்னை நேரம் மதியம் மூன்று மணிக்குள் நீங்கள் இருவரும் பேசி ஒரே முடிவாகச் சொல்லுங்கள்.’

இதில் புகாரும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கணக்கு இருக்கிறது, பரிந்துரை இருக்கிறது, கெடு இருக்கிறது. பயிற்சி வகுப்பில் ஒவ்வொருவரும் தம்முடைய உண்மையான இந்த வார வேலையை வைத்து இதைப் பலமுறை எழுதிப் பார்க்க வேண்டும். கற்பனை நிறுவனங்களைப் பற்றிய கேஸ் ஸ்டடி எதுவும் இதற்கு ஈடாகாது.

மாற்றுக்கருத்து எழுதியது:

கிண்டிக்காரன் அவர்களின் மாதிரி மின்னஞ்சல் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை யார் அனுப்புவார்கள்? தன் அப்ரைசலை எழுதப் போகிறவருக்கு ‘நீங்கள் இருவரும் பேசி முடிவு சொல்லுங்கள்’ என்று எழுத, படிப்பு முடித்த நாள் முதல் ‘சார்’ என்றும் ‘மேடம்’ என்றும் எழுந்து நின்றே பழகிய ஒருவருக்குக் கை வருமா? ஐபிஎம் ஊழியர்களிடம் 1967-க்கும் 1973-க்கும் இடையில் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் உருவாக்கிய அதிகார இடைவெளி அளவுகோலில் இந்தியா 77, ஜெர்மனி 35. மேலிருப்பவரின் முடிவைக் கேள்வி கேட்பது இங்கே எவ்வளவு கடினம், அங்கே எவ்வளவு இயல்பு என்பதை அந்த இடைவெளி காட்டுகிறது. பண்பாட்டுப் பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மின்னஞ்சல் எழுதக் கற்றுக்கொடுத்தால், அந்த மின்னஞ்சல் டிராஃப்ட் கோப்புறையிலேயே கிடக்கும்.

ஸ்டுட்கார்ட்வாசி எழுதியது:

ஜெர்மனியில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, அந்த எண்களைப் பற்றியது. அவை ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடமிருந்து, அரை நூற்றாண்டுக்கு முன்னால் பெறப்பட்டவை. மதுரைக்கும் லூதியானாவுக்கும் ஷில்லாங்குக்கும் சேர்த்து ஒரே ஒரு 77. நாடுகளை ஒப்பிடுவதற்கென்று எடுக்கப்பட்ட சராசரியைக் கொண்டு, எதிரே இருக்கும் தனி மனிதரைக் கணிக்கக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். ஆனால் பயிலரங்கங்களில் நடப்பது அந்தக் கணிப்புதான். என் குழுவில் இருக்கும் ஜெர்மானியர்களிலேயே ஒருவர் மேலதிகாரி முன்னால் வாயைத் திறக்க மாட்டார். பெங்களூரிலிருந்து வந்தவர் ஒருவர் யாரையும் விட்டுவைக்க மாட்டார்.

இரண்டாவது விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பண்பாடு என்று சென்னையில் நினைத்துக்கொண்டிருக்கும் பலவற்றுக்கு இங்கே சட்டம்தான் காரணம். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். சென்னைக் குழு, டிக்கெட்டுகளை (கணினியில் பதிவாகும் வேலைக் கோரிக்கைகளை) யார் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்று காட்டும் புதிய மென்பொருள் ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறது. சென்னையில் ஒரே வாரத்தில் அது பயன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. இங்கே மாதக்கணக்கில் நிற்கிறது. சென்னையில் ‘இந்த ஜெர்மானியர்கள் எதையும் மாற்ற விடமாட்டார்கள்’ என்று பேசிக்கொள்கிறார்கள். உண்மையில், 1972-ஆம் ஆண்டின் பணியிட அமைப்புச் சட்டப்படி, ஊழியர்களின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பக் கருவியையும், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பணியாளர் மன்றம் இருக்கும் இடத்தில், அதன் இசைவில்லாமல் கொண்டுவர முடியாது. இங்கிருக்கும் மேலாளர் நினைத்தாலும் முடியாது. அவர் அதை விளக்காமல் ‘காத்திருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதுகிறார், ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது விளக்கம் தேவைப்படாத, தண்ணீர் குழாய் போன்ற அன்றாட ஏற்பாடு.

இதே குறை எதிர்ப்பக்கத்திலும் உண்டு. சென்னையில் வேலையை விட ஒருவர் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதோ, அந்த நாட்களில் அவருக்குப் புதிய நிறுவனங்களிலிருந்து மேலும் மேலும் அழைப்பு வரும் என்பதோ இங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவர் சென்னை மேலாளர் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அந்த ஊழியர் ஏன் சென்னை மேலாளரின் சின்ன வேலையை முதலில் முடித்தார் என்று ஆச்சரியப்பட மாட்டார்கள். எனவே நாட்டுக் குணங்களைப் பற்றிய பாடத்தின் இடத்தில், இரு பக்கத்தின் வேலைச் சட்டம், விடுமுறை, சம்பள முறை, முடிவெடுக்கும் வழி ஆகியவற்றைச் சொல்லும் அரை நாள் பாடம் ஒன்றை வையுங்கள். அதை அந்தந்த நாட்டில் வேலை செய்பவரே நடத்தட்டும்.

ஹேங்கர் எழுதியது:

நான் விமானப் பராமரிப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். மேலிருப்பவரிடம் உரிய நேரத்தில் உண்மையைச் சொல்வதற்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் துறைக்குப் புதிதன்று. அதன் வரலாறு உங்களுக்கு நேரடியாக உதவும்.

1978 டிசம்பர் 28 அன்று, யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகருக்கு அருகே சக்கரக் கோளாறு காரணமாக வட்டமடித்துக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து கீழே விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைந்துகொண்டே வருவது விமானிகள் அறையில் இருந்த மற்ற இருவருக்கும் தெரியும், சொல்லவும் செய்தார்கள். சொன்ன விதம் தலைமை விமானியின் கவனத்தைச் சக்கரத்திலிருந்து திருப்பப் போதுமானதாக இல்லை. அதன் பிறகு 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தியது, 1981-ல் யுனைடெட் நிறுவனம் விமானக் குழு ஒருங்கிணைப்புப் பயிற்சியைத் தொடங்கியது.

கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். தொடக்ககால வகுப்புகள் ஆளுமை வகைகளைப் பற்றியும் தலைமைப் பாணிகளைப் பற்றியும் பேசின. விமானத்துக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டுகளும் இருந்தன. விமானிகளில் ஒரு பகுதியினர் இதை இங்கிதம் கற்றுக்கொடுக்கும் பள்ளி என்று கேலி செய்தார்கள். உங்கள் இரண்டு நாள் பயிலரங்கத்தைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு பாடம் மாறியது. பறப்பதற்கு முன் குழு எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும், சந்தேகத்தை எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று செயல்களாகப் பிரித்தார்கள். சிமுலேட்டரில், முழுக் குழுவையும் ஒன்றாக உட்காரவைத்து, பயணம் போலவே நடத்தினார்கள். ஒருமுறை முடித்தால் போதும் என்று விடாமல் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைமை விமானியும் அதே வகுப்பில் இருந்தார். கீழிருப்பவருக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். கேட்பவருக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது மறுபாதி.

மாற்றுக்கருத்து அவர்களின் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரைக்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பல நாடுகளின் விமானிகளை ஆராய்ந்து, அமெரிக்காவில் எழுதிய இந்தப் பாடத்தை அப்படியே ஏற்றுமதி செய்தால் எடுபடுவதில்லை என்று எழுதினார்கள். தயங்காமல் எதிர்த்துப் பேசு என்ற அறிவுரை, அதிகார இடைவெளி கூடிய நாடுகளில் ஏற்கப்படவில்லை. ஆனால் அதற்காகப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. இளையவர் சந்தேகத்தைச் சொல்வது, தலைமை விமானியைப் பாதுகாக்கும் கடமை என்று பாடத்தை அமைக்கும்போது, அதே மரியாதை உணர்வே பேசுவதற்குத் துணையாகிறது.

ஓஎம்ஆர் பேருந்து எழுதியது:

இவ்வளவு பெரிய விவாதத்தில் நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடையில் ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர இடைவெளி, குளிர்காலத்தில் நாலரை. அங்கே கடிகாரத்தை மாற்றிய அன்று நம்முடைய மாலை ஐந்தரைக் கூட்டம் தானாகவே ஆறரைக்குப் போய்விடுகிறது. பெண் ஊழியர்களுக்கு இரவு வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும், அதன் கடைசி ட்ரிப்புக்கு ஒரு நேரம் உண்டு, கூட்டம் இருபது நிமிடம் நீண்டால் அது போய்விடும். கூட்டத்தை அழைப்பவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

சிறுசேரிப் பயிற்சியாளர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஹேங்கர் ஐயா சொன்ன ‘தலைமை விமானியும் அதே வகுப்பில்’ என்பது எங்கள் மையத்தின் சரியான இடத்தைத் தொடுகிறது. ஊழியர்களை வகுப்புக்கு அனுப்பச் சொன்னால் மேலாளர்கள் மகிழ்ச்சியாக அனுப்புகிறார்கள். தாங்கள் வரச் சொன்னால் காலண்டரில் இடமில்லை என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மேலாளர்களை அழைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை, அவர்களுக்குரிய பயிற்சிச் செலவு வேறு கணக்கில் இருக்கிறது. இதை எப்படிக் கடப்பது?

கிண்டிக்காரன் எழுதியது:

பயிற்சி என்ற பெயரில் அழைத்தால் வரமாட்டார்கள். அவர்கள் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்றுக்குள் பயிற்சியை நுழைத்துவிடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இலக்கு நிர்ணயம் செய்கிறீர்கள் அல்லவா? சென்னை மேலாளர் தனியாக ஒரு தாளை நிரப்புகிறார், அங்கிருப்பவர் தனியாக வேறொன்றை மனத்தில் வைத்திருக்கிறார், ஊழியர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்தத் தாளை மூவரும் ஒரே வீடியோ அழைப்பில் உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்று மட்டும் விதி செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். நடத்துநராகப் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒருவர் இருக்கட்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். வேலைகள் மோதினால் யாருடைய சொல் இறுதியானது, எந்தெந்த விஷயத்தில்? இருவரும் ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் போவது, எத்தனை மணி நேரத்துக்குள்? அப்ரைசலில் டாட்டட் லைன் மேலாளரின் கருத்துக்கு எவ்வளவு எடை? விடுப்பை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும்? பலருடைய கூட்டங்களில் நடத்துநராக இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: மூன்றாவது கேள்வியில்தான் அறை அமைதியாகும். அந்தக் கருத்துக்கு எடையே இல்லை என்பது அப்போதுதான் ஜெர்மனியில் இருப்பவருக்குத் தெரியவரும். அதைச் சரிசெய்யாமல் எத்தனை வகுப்பு எடுத்தாலும் ஊழியர் தம் சம்பளத்தை எழுதுபவர் பக்கமே சாய்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பொறுப்புகளைக் கட்டம் போட்டுக் காட்டும் ரேசி அட்டவணையை நிரப்பிச் சுவரில் ஒட்டிவிட்டு, இந்தக் கேள்வியை மட்டும் தவிர்க்கும் மையங்கள் ஏராளம்.

பின்னூட்டப் படிவம் பற்றி ஒரு சொல். பயிற்சியின் பயனை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு நிலைகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடந்துகொள்ளும் முறை மாறியதா, விளைவு வந்ததா. உங்கள் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு முன்பும், மூன்று மாதம் கழித்தும், தாமதம் பற்றிய முதல் தகவல் கெடுவுக்கு எத்தனை நாள் முன்னால் வருகிறது என்று பாருங்கள். வேலைகளைப் பதிவு செய்யும் ஜீரா மென்பொருளில் தேதி இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எஸ்கலேஷன் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள், ஏனெனில் பயிற்சி வேலை செய்தால் தொடக்கத்தில் அது கூடத்தான் செய்யும்.

மாற்றுக்கருத்து எழுதியது:

மேலாளர்களையும் சேர்த்து உட்காரவைக்க முடிந்தால் என் ஆட்சேபத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஒன்று மட்டும் மிச்சம். எழுத்தில் தைரியமாக இருப்பவர்கள்கூட வீடியோ அழைப்பில் வாயடைத்துப் போகிறார்கள். பத்துப் பேர் பேசும் கூட்டத்தில் இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளி கிடைப்பதே இல்லை. கடைசியில் ‘சென்னையிலிருந்து ஏதாவது உண்டா?’ என்று கேட்கும்போது, அழைப்பு முடிய ஒரு நிமிடம்தான் இருக்கும். பேச்சுக்கு நடுவே நாகரிகமாகக் குறுக்கிடுவதைப் பழக்க வேண்டும். அதோடு, கூட்டத்தை நடத்துபவர் ஒவ்வொரு தலைப்புக்கும் சென்னைக் குழுவின் கருத்தை முதலில் கேட்கும் முறையையும் கொண்டுவர வேண்டும். பண்பாட்டுப் பாடத்துக்கு அரை நாள் என்றால் அந்த அரை நாளை இதற்கே செலவிடுங்கள், நாட்டுக்கு நாடு குணம் சொல்லும் படங்களுக்கு வேண்டாம்.

வெண்டார் பேட்ஜ் எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். நான் ஒப்பந்த நிறுவனம் மூலம் இதே போன்ற ஒரு மையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் கணிசமானவர்கள் என்னைப் போன்றவர்களே. அதே ஜெர்மன் மேலாளர் எங்களுக்கும் வேலை கொடுக்கிறார், அதே மோதல் எங்களுக்கும் உண்டு. எங்களுக்கு மூன்றாவதாக எங்கள் நிறுவனத்தின் மேலாளர் ஒருவரும் இருக்கிறார். ஆனால் வாடிக்கையாளர் நிறுவனம் பயிற்சி நடத்தும் நாளில், சட்டச் சிக்கல் வரும் என்று சொல்லி எங்களை மட்டும் மேசையில் விட்டுவிட்டு எல்லாரும் மேல்தளத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் புதிய பாடத்திட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டா?

சிறுசேரிப் பயிற்சியாளர் எழுதியது:

இதுவரை இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஒப்பந்த ஊழியர்களுக்கு நாங்கள் நேரடியாகப் பயிற்சி கொடுத்தால், அவர்கள் எங்கள் ஊழியர்களே என்று பின்னால் வாதிட இடம் கிடைக்கும் என்பது சட்டப் பிரிவின் தயக்கம். ஆனால் கிண்டிக்காரன் அவர்கள் சொன்ன ஒரு மணி நேர இலக்குக் கூட்டத்தைப் பயிற்சி என்று கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, அது வேலை ஒதுக்கீடு. அதில் உங்கள் நிறுவன மேலாளரையும் நான்காவது ஆளாக உட்காரவைக்கலாம் என்று தோன்றுகிறது. திங்கட்கிழமை சட்டப் பிரிவிடம் கேட்டுவிட்டு என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுகிறேன்.